சந்தனம் வைத்த கம்பி

கடம்பத்தூர் அருணகிரிக்கு வயிறு எரியத் தொடங்கியது எழுபத்து நாலாம் வருஷம், அந்த மிஷின் வந்த பிறகுதான். பட்டணத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் ரசாயனத் துறையில் அவர் மூத்த அட்டெண்டர். மூலக்கூறை எடை போட்டுச் சொல்லும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் கப்பலில் வருகிறது என்றதும் துறைமுகத்துக்கு அலைந்தவர் அவர். பெட்டி நுழைய வாசற்காலைப் பெயர்க்க ஆள் பிடித்தவரும் அவரே. அதை வைக்கும் ஏ.சி. ரூம் சாவி தன் இடுப்புக்குத்தான் வரும் என்று ஊர் முழுக்கச் சொல்லியும் வைத்திருந்தார்.

புரொபசர் சாவியைக் கொடுத்தது நேற்று வந்த லேப் அசிஸ்டெண்ட், திருவள்ளூர் துளசிராமனிடம். முன்னே வந்த செவியைப் பின்னே வந்த கொம்பு மறைத்துவிட்டது. அருணகிரிக்குச் சோறு இறங்கவில்லை.

"இன்னாயா, பேயறஞ்ச மாரி குந்திக்கினு கீறே?" என்றாள் மனைவி கெங்கம்மாள்.

"அந்தத் திருவள்ளூரான் ஊட்ல மட்டும் அடுப்பு எரியுதே, அத்த நெனச்சிக்கினு கீறேன்."

ஆயுத பூஜை வந்தது. அவரவர் கருவிக்கு அவரவரே பொட்டு வைப்பது அந்தத் துறையில் வழக்கம். துளசிராமன் மிஷினின் வெளிப்பெட்டிக்கு மூன்று பட்டை இழுத்துவிட்டுப் பொரி வாங்கப் போனான். அந்த நேரம் பார்த்து அருணகிரி உள்ளே நுழைந்தார். சோதிக்கும் பொருளை மிஷினுக்குள் செலுத்தும் கம்பியின் நுனியில், பச்சைக் கற்பூரம் குழைத்த சந்தனத்தை அழுத்தி வைத்தார். வெளியே எவன் வைத்தால் என்ன, உயிர்நாடியில் என் பொட்டு!

லீவு முடிந்து துளசிராமன் கம்பியைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே விட்டான். சந்தனம் போயிற்று, கற்பூரம் போகவில்லை. எந்தப் பொருளைக் கொடுத்தாலும் மிஷின் கற்பூரத்தையே வரைந்து தள்ளியது. துளசிராமன் திட்டு வாங்கினான். அருணகிரிக்குச் சோறு ருசித்தது. சாவி கைமாறும் என்று காத்திருந்தார்.

பம்பாயிலிருந்து கம்பெனி இஞ்சினியர் வந்தார். அவர் கூடவே நின்று மிஷினைத் திருகு திருகாகக் கழற்றி, கழுவி, சூடேற்றி, மறுபடி பூட்டியவன் துளசிராமன். இனி அவனில்லாமல் அது ஓடாது.

டீ நேரத்தில் புரொபசர் எல்லோர் முன்னாலும் சிரித்தார். "கற்பூரம் வெச்ச மகராசன் யாருப்பா? அவனுக்கு மாலை போடணும். இல்லேன்னா துளசிக்கு இந்த வித்தை வந்திருக்குமா?"

சாயங்கால ரயிலில் துளசிராமன் இடம் பிடித்து வைத்திருந்தான். "அண்ணே, இப்டி குந்துங்க. அந்த மகராசன் யார்னு தெர்ஞ்சா கால்லயே உழுந்துடுவேன்."

அருணகிரி உட்கார்ந்து, கால்களை இருக்கைக்கு அடியில் இழுத்துக்கொண்டார். கை நீட்டி வாங்க முடியாத அந்த மாலையின் மேலும் அவருக்குப் பொறாமையாக இருந்தது.