ஏறுகிற வண்டியைத் தள்ளியவர்கள்

முப்பது வருடம் தேயிலை பாக்டரியில் இயந்திரங்களுக்கு நடுவே நின்றதால், இயந்திரம் என்றால் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நம்பி வந்தேன். மூணாறு பக்கம் மாட்டுப்பட்டிக்கு மேலே எங்கள் எஸ்டேட்டில் இதை நம்பிய ஒரே ஆள் சுவக்கீன், அதாவது நான்தான்.

சென்ற வருடம் ரிட்டையர் ஆனேன். போடியில் கடை வைத்திருக்கும் மகன் பினு, "வேன வித்துட்டு ரெண்டு பேரும் இங்க வந்திருங்கப்பா" என்றான். சரி என்று நானே முடிவு செய்துவிட்டேன். என் மனைவி ரோசிக்குக் கொழுந்து பறிக்கிற வேலையில் இன்னும் இரண்டு வருட சர்வீஸ் பாக்கி. அவள் வேலையில் இருக்கிறவரை எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் எங்களுக்கு உண்டு. "வேலைய விட்டுறேன்னு எழுதிக் குடுத்துட்டு வந்திரு" என்றேன். அவள் சோற்றைப் போட்டுக்கொண்டே "ம்" என்றாள். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

பிரச்சினை என் பழைய வேன்தான். எஸ்டேட்டுக்கு வரும் வழியில், சிலுவை வைத்த குருசடிக்குப் பக்கத்து வளைவில் ஏறாது. நீலப் புகையைக் கக்கிக்கொண்டு நின்றுவிடும். உள்ளே இருப்பவர்கள் இறங்கித் தள்ளுவார்கள். இப்படி ஒரு வண்டியை எவன் வாங்குவான்? எஞ்சினைச் சரி செய்வதா, மாற்றிவிடுவதா?

மூணாறு மெக்கானிக், "எஞ்சின எறக்கி, தேஞ்ச சிலிண்டரக் கடைஞ்சு போர் பண்ணி, பிஸ்டன் ரிங் மாத்துனாப் போதும்" என்றார். அடிமாலிக்காரர், எங்கோ மோதி நொறுங்கிய வேனின் எஞ்சின் கைவசம் இருக்கிறது, அதையே தூக்கி வைத்துவிடலாம் என்றார். ஆனால் எஞ்சின் நம்பர் மாறினால் ஆர்.சி. புத்தகத்திலும் மாற்ற வேண்டும். அதற்கு ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டும். போடியில் இருக்கும் பழைய கூட்டாளி ஏசுரத்தினம், "கெட்டி ஆயில ஊத்தி, பொக வர்றதுக்குள்ள எவன் தலையிலயாவது கட்டிரு" என்றான். ஏமாற்றுவது பாவம் என்று வாயால் சொன்னேன். மனதுக்குள் கொஞ்சம் ஆசையாகவும் இருந்தது. தூக்கத்தில் நான் "பிஸ்டன், பிஸ்டன்" என்று உளறியதாக ரோசி சொன்னாள்.

கடைசியில் மூணாறுக்காரர் சொன்னபடி போர் பண்ணினேன். முக்காமல் முனகாமல் வேன் வளைவில் ஏறியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ராஜாக்காட்டிலிருந்து ஷிஜு என்பவர் வாங்க வந்தார். அவர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து எஞ்சினின் பெருமையை அளந்துகொண்டே வந்தேன். வளைவு வந்தது. வேன் தன்பாட்டில் ஏறிக்கொண்டிருந்தது. அப்போது குருசடிப் பக்கமிருந்து பக்கத்து வீட்டுச் சின்னத்தாயும் இன்னும் சிலரும் ஓடிவந்து, பின்னால் கைவைத்து, "ஐலசா" போட்டுத் தள்ள ஆரம்பித்தார்கள்.

"விடுங்க! அதுவே ஏறும்!" என்று தலையை வெளியே நீட்டிக் கத்தினேன்.

"பரவால்லண்ணே, எங்களுக்கு என்ன செரமம்!" என்று சின்னத்தாய் இன்னும் பலமாகத் தள்ளினாள்.

ஷிஜு கண்ணாடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சேட்டா, எஞ்சின் பணி கழிஞ்சது, எல்லாம் சரியாச்சுன்னு சொன்னீங்க. பின்ன எதுக்கு இவங்க தள்ளுறாங்க?"

மேலே போனதும் வண்டியை நிறுத்தி, சாவியை என் கையில் வைத்துவிட்டு, அந்த வழியாக வந்த ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

ஆத்திரத்தோடு வளைவுக்கு இறங்கி வந்தேன். "யாரு கூப்பிட்டது ஒங்கள?" என்று கேட்டேன். சின்னத்தாய் பின்னால் திரும்பிப் பார்த்தாள். எல்லாருக்கும் பின்னால், கொழுந்துச் சாக்கைக் கீழே போட்டுவிட்டு, ரோசி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள்.

"நான்தான் கூப்பிட்டேன்."

"ஏன் ரோசி?"

"எஞ்சினுக்கு ஊர் ஊராப் போய்க் கேட்டீங்க. எனக்கு இங்க இருக்கணுமா, போகணுமான்னு ஒரு வார்த்த கேட்டீங்களா?"

அவள் கண் கலங்கியிருந்தது. அத்தனை பேர் முன்னால் எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் அவள் கேட்டதில் ஒரு பிசகும் இல்லை.

சாயங்காலம் பினுவுக்குப் போன் போட்டேன். அம்மா சர்வீஸ் முடிகிறவரை நாங்கள் வரவில்லை, வேனையும் விற்கவில்லை என்றேன்.

"ஏம்ப்பா, எஞ்சின் இன்னும் சரியாகலையா?"

"அது நல்லாத்தான்டா இருக்கு. ஒங்கப்பன்தான் சரியில்ல."