கண்ணில் ஒற்றிய புதுத் தண்ணீர்

ரிக் லாரியில் ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு, அதாவது போர், போடுகிறவனுக்குக் கண்ணாடி ஒரு சனியன். குழியிலிருந்து பீறிடும் கல்தூளும் சேறும் முதலில் வந்து அப்புவது அதன் மேல்தான். அதனால் மல்லசமுத்திரம் சரவணக்குமார் கண்ணாடியை மூட்டை கட்டிவிட்டு, கான்டாக்ட் லென்ஸ் போட ஆரம்பித்தான். சக ஆட்கள் "வாங்க ஹீரோ" என்று கிண்டல் செய்தார்கள். அவனுக்கு உள்ளூரப் பெருமைதான்.

வாழப்பாடிப் பக்கம் ஒரு தோட்டத்தில் போர் போட்டபோது, வெகு ஆழத்தில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. தோட்டத்துக்காரர் கற்பூரம் காட்டி, புதுத் தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சரவணக்குமார் ஒரு படி மேலே போனான். உறுத்திக்கொண்டிருந்த லென்ஸைக் கழற்றி அந்தத் தண்ணீரிலேயே அலசித் திரும்பப் போட்டுக்கொண்டான். லென்ஸ் கழுவும் சொல்யூஷன் லாரியில்தான் இருந்தது. ஆனால், பாறையைப் பிளந்து வந்த தண்ணீரைவிடச் சுத்தம் கடை பாட்டிலிலா இருக்கப்போகிறது? தண்ணீர் தேடியே பிழைப்பவனுக்குத் தண்ணீர் மேல் அவ்வளவு நம்பிக்கை.

சில நாட்களில் இடது கண் செக்கச் செவேலென்று ஆனது. வெளிச்சம் பட்டால் ஊசியாய்க் குத்தியது. "தூசிதான், தானாப் போயிரும்" என்று அதே லென்ஸோடு வேலைக்குப் போனான். வீம்புக்கு மட்டும் குறைச்சலில்லை.

"ஏனுங்க, கண்ணு போச்சுன்னா ஊட்டுல உக்காந்துக்கலாம்னு நெனப்புங்களா? மொதல்ல அதைக் கழட்டுங்க!" என்று மனைவி அகல்யா சத்தம் போட்டாள். லென்ஸையும் அதன் டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டு, அவனைச் சேலத்துக்கு, கண் டாக்டர் அறிவுச்செல்வியிடம் இழுத்துப்போனாள்.

"லென்ஸ்ல தண்ணி பட்டுதா?" என்று டாக்டர் கேட்டார்.

"சாதாத் தண்ணி இல்லைங்க மேடம். புது போர் தண்ணிங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. "எந்தத் தண்ணியும் லென்ஸ்ல படக்கூடாதுங்க. குளிக்கறப்பகூடக் கழட்டிரணும். தண்ணியில அமீபான்னு ஒரு கிருமி இருக்கலாம். லென்ஸுக்கு அடியில சிக்குச்சுன்னா கருவிழியையே அரிச்சுரும். பார்வை போனவங்க இருக்காங்க."

மரத்துப்போக மருந்து விட்டு, கருவிழியில் லேசாகச் சுரண்டி எடுத்து, லென்ஸோடு சேர்த்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

முடிவு வரும்வரை சரவணக்குமாருக்குச் சோறு இறங்கவில்லை. வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் அகல்யாவின் முகத்தைத் தேடுவான். புகைமூட்டமாகத்தான் தெரியும். ரிக்கை விட்டால் அவனுக்கு வேறு தொழில் தெரியாது. பயத்தில் ஒருநாள் வாய்விட்டே அழுதான்.

"அமீபா இல்லைங்க, பாக்டீரியாதான். நல்லவேளை, சீக்கிரம் வந்துட்டீங்க. சொட்டு மருந்துலயே ஆறிரும்" என்றார் டாக்டர். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. அகல்யா அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள்.

"நான் சொல்ற வரைக்கும் கண்ணாடிதான். அப்புறம் போட்டாலும், சோப்புல கை கழுவி, ஈரம் போகத் துடைச்சுட்டுத்தான் லென்ஸைத் தொடணும்."

"சரிங்க மேடம்" என்றான். வீம்பு போன இடம் தெரியவில்லை.

கண் ஆறி வேலைக்குத் திரும்பியதும், மேச்சேரிப் பக்கம் போட்ட முதல் போரிலேயே தண்ணீர் வந்தது. தோட்டத்துக்காரி கந்தம்மாள் சொம்பு நிறையப் பிடித்து வந்து நீட்டினாள்.

"நீ மொதல்ல கண்ணுல ஒத்திக்க சாமி."

"தலையில ஊத்துங்கம்மா, போதும்" என்று கண்ணாடியைக் கழற்றி, கண்ணை இறுக மூடிக் குனிந்தான்.

நிமிர்ந்து முகத்தைத் துடைத்துக் கண்ணாடியைப் போட்டவன், வழக்கம்போல் வலது கண்ணைப் பொத்திப் பார்த்தான். கந்தம்மாளின் மூக்குத்தியில் தெறித்திருந்த சேறுகூடத் தெரிந்தது.