நூறடி கிழக்கே

அமைதிக் குழுப் பட்டியலில் ஏழாவது பெயர் இப்படி அச்சாகியிருந்தது: ‘செல்வி செசிலி, சமூக ஆர்வலர், நடுநிலைப் பார்வையாளர்.’

செல்விக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம். சமூகத்தின்மேல் அவளுக்கிருந்த ஆர்வம், அருமனைச் சந்தையில் யார் மீன் வாங்குவார்கள், யார் விலை மட்டும் கேட்பார்கள் என்பதோடு சரி. நடுநிலையோ, தோமையார்துறைக்காரன் ஒருவனின் முன்பல் இரண்டோடு அவளுடைய துடுப்படியில் போயிருந்தது.

மீன்பிடி எல்லைக்காகப் பெரியமணலும் தோமையார்துறையும் இரண்டு வருடம் அடித்துக்கொண்டன. நடுவில் கிடந்த கொச்சுமணல், செசிலியின் ஊர், நாற்பத்திரண்டே வீடு. பெரியமணலின் பக்கம் நின்றது. எரிந்த வள்ளங்கள் ஐந்தில் நான்கு கொச்சுமணலுடையவை. கடைசியில் தக்கலையில் சமாதான மேசை போட்டபோது இரண்டு பெரிய ஊர்களுக்கும் நாற்காலி கிடைத்தது. கொச்சுமணலுக்குக் கிடைத்தது பார்வையாளர் பதவி. பார்க்கலாம், பேசக்கூடாது.

நான்காவது ஷரத்தை வாசித்தபோதுதான் செசிலிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொச்சுமணல் கரையில் நிற்கிற சிலுவைக் கோயிலான குருசடியும் வேளிமலை உச்சியும் நேர்கோட்டில் தெரிகிற இடமே கடலில் எல்லை. கிழக்கே பெரியமணல் கூட்டணி, மேற்கே தோமையார்துறை. முப்பது வருடத்துக்கு முந்தைய ஒப்பந்தத்திலிருந்து எழுத்து பிசகாமல் எடுத்த வாசகம். ஆனால் குருசடியின் அடித்தளத்தைக் கடல் அரித்ததால், நான்கு வருடத்துக்கு முன் நூறடி கிழக்கே தள்ளிப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். குருசடி நகர்ந்தால் கோடும் நகரும். கோட்டுக்கு இப்பால் இருந்த பாறைத்திட்டு, கொச்சுமணல்காரர்கள் கணவாய் மீன் பிடிக்கிற ஒரே பார், அப்பால் போய்விடும். அந்தப் பாரின் அகலமே எண்பதடி.

செசிலி எழுந்தாள். “பார்வையாளர் உட்காரலாம்” என்றார் அதிகாரி.

வராந்தாவில் பெரியமணல் தலைவர் செல்வதாஸைப் பிடித்தாள்.

“அண்ணா, எங்க பாரு போவுது.”

“நூறடிதானட்டி. மொதல்ல சமாதானம் வரட்டு, பெறவு பாப்போம்.”

“ஒங்களுக்குத் தோதா நாங்க நாலு வள்ளம் எரியக் குடுத்தோம். அப்பம் பெறவு பாப்போம்னு சொன்னமா?”

“கூட்டாளின்னா கொஞ்சம் விட்டுக் குடுக்கணும், மக்கா.”

“ஒங்க கடல்ல விட்டுக் குடுங்க.”

செல்வதாஸ் டீ குடிக்கப் போய்விட்டார்.

வீட்டில் அவள் புருஷன் மரியஜான் சிரித்தான். “குருசடி எங்க போனா என்ன? நாங்க பழைய எடத்த மனசில வச்சில்லா கணியம் பாக்குதோம்.” கரையில் இரண்டு அடையாளத்தை நேர்கோட்டில் கண்டு கடலில் இடம் பிடிப்பதற்குக் கணியம் என்று பெயர். தோமையார்துறைக்காரர்களும் அப்படித்தான் பார்த்தார்கள். அதனால்தான் அடையாளம் நகர்ந்தது இரண்டு பக்கத்திலும் ஒரு ஆணின் கண்ணிலும் படவில்லை.

“ஒம்ம மனசு தோமையார்துறைக்காரன் பேரப்புள்ளைக்குத் தெரியுமா?” என்றாள் செசிலி.

மூன்று மனு கொடுத்தாள். ஒன்றுக்குப் பதில் வந்தது: பார்வையாளர் மனு கொடுக்க விதியில் இடமில்லை. ஒப்பந்தம் கையெழுத்தானது, லட்டு கொடுத்தார்கள். செசிலி தன் லட்டை மேசையிலேயே வைத்துவிட்டு வந்தாள்.

ஒப்பந்தத்தைக் கடலுக்கு எடுத்துக்கொண்டு போகிறவர் யாருமில்லை, கரையில் கண்ணுக்குத் தெரிகிறதுதான் அங்கே எல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

மறுநாள் செசிலி அருமனையிலிருந்து நாற்பதடிக் கமுகுமரம் ஒன்றை மீன் டெம்போவில் ஏற்றி வந்து, பழைய குருசடி நின்ற இடத்தில் குழி தோண்டி நட்டு, உச்சி வரை வெள்ளையடித்தாள்.