இரும்புக்குள் இறங்கிய இரும்பு

கம்ப்யூட்டரில் இரும்புக்குள் இரும்பு இறங்கும். இரண்டு பொருள்கள் தொட்டு உராய்வதைக் கணக்கிடும் என் தொழிலில் இது தெரிந்தே சொல்கிற பொய். ஒன்றை இன்னொன்றுக்குள் கொஞ்சம் போக விடுவோம். நடுவில் ஒரு கற்பனை ஸ்பிரிங் வைத்து வெளியே தள்ளுவோம். ஸ்பிரிங் விறைப்பாக இருந்தால் கணக்கு முடியாமல் இழுத்தடிக்கும். தளர்த்தினால் சட்டென்று முடியும். நான் தளர்த்தினேன்.

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லுக்காகச் செய்த கணக்கு அது. ஸ்பின்னிங் மெஷினில் நூலை இழுத்துக்கொண்டு எஃகு வளையத்தின் மேல் ஓடும் குட்டிக் கொக்கிக்கு டிராவலர் என்று பெயர். நகத்தில் பாதிகூட இருக்காது. வேகத்தைக் கூட்டினால் உராய்வில் அது எவ்வளவு சூடாகும் என்று கேட்டிருந்தார்கள். ஒன்றும் ஆகாது என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு மெஷினில் வேகத்தைக் கூட்டிவிட்டார்கள்.

நான்காம் நாள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் பிடித்து, பெருமையாகப் பார்க்கப் போனேன். அந்த மெஷினில் வேலை பார்க்கும் அக்கா உள்ளங்கையை விரித்துக் காட்டினார். ஏழெட்டு டிராவலர்கள், எல்லாம் நீலம் பாய்ந்து கருகியிருந்தன.

"அம்புட்டும் இன்னைக்குத் தெறிச்சது. ஒண்ணு புருவத்துல பட்டுச்சு. செத்த கீழ பட்டிருந்தா கண்ணு போயிருக்கும்மா" என்றார்.

குரலில் கோபம்கூட இல்லை. எனக்கு வெட்கத்தில் காது எரிந்தது.

அன்றே வீட்டில் கணக்கைத் திறந்தேன். தளர்ந்த ஸ்பிரிங்கால் டிராவலர் வளையத்துக்குள் அளவுக்கு மீறி அமிழ்ந்திருந்தது. தொடும் இடம் அகன்று, சூடு பரவிப்போயிருந்தது. நிஜத்தில் மயிரிழை அகலம்தான் தொடும். சூடெல்லாம் அங்கேயே குவியும்.

மறுநாள் மேனேஜரிடம் சொன்னேன். இந்த வேகத்தில் ஓட்டுவதாக முதலாளியிடம் வாக்குக் கொடுத்தாயிற்றாம், இப்போது மாற்றினால் மானம் போய்விடுமாம். பெண்கள் கொஞ்சம் தள்ளி நிற்கட்டும் என்றார். அறுந்த நூலைத் தள்ளி நின்று எப்படி ஒட்டுவது?

"நீங்க சும்மா இருங்கம்மா. அடுத்த வேலையும் ஒங்களுக்குத்தான் தாரோம்" என்றார்.

சும்மா இருப்பது எனக்கு வராது. மேஜையில் கிடந்த என் அறிக்கையின் முதல் பக்கத்தில், 'இந்தக் கணக்கு தவறு. இந்த வேகம் ஆபத்து' என்று பேனாவால் பெரிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முதலாளி அறைக்கு நானே எடுத்துப் போனேன். மேனேஜர் கூப்பிட்டுக்கொண்டே பின்னால் வந்தார், நான் திரும்பவில்லை.

அன்று மதியமே வேகம் குறைந்தது. அந்த மில்லிலிருந்து அப்புறம் எனக்கு அழைப்பே இல்லை. வராவிட்டால் போகட்டும். இப்போது ஸ்பிரிங்கை விறைப்பாகவே வைக்கிறேன். ஒரு கணக்குக்கு மூன்று நாள் ஆகிறது. சீக்கிரம் வேண்டும் என்பவர்களை, முதலில் அப்படி வேகம் கூட்டிய ஒரு மெஷின் முன்னால் ஒரு ஷிப்ட் நின்றுவிட்டு வரச் சொல்கிறேன்.