அடைத்த காற்றுத் துளைகள்

கட்டுகஸ்தோட்டையில் நாங்கள் வீடு கட்டத் தொடங்கியது ஒரு மாசி மாதம். குடிபுகுந்தது அடுத்த தைப்பொங்கலுக்கு முந்திய கிழமை. இடைப்பட்ட மாதங்களில் கட்டடம், வெளிச்சம், சுவாசம் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். பின்சுவர் மண்மேட்டை ஒட்டி நிற்பதால் ஈரம் கசியும். காற்றோட்டம் இல்லாவிட்டால் அந்த ஈரம் வீட்டுக்குள்ளேயே தங்கிவிடும். ஆகவே ஒவ்வோர் அறையிலும் கூரைக்குக் கீழே, எதிரெதிர்ச் சுவர்களில் காற்றுத் துளைகள் வைக்கச் சொன்னேன். மகளுக்குக் கைக்குழந்தையிலிருந்தே மூச்சிழுப்பு. வீடே அவளுக்காகத்தான்.

குடிபுகுந்த அன்று, பன்வில தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த மனைவியின் அண்ணன் அண்ணாந்து பார்த்தார்.

“என்னா மச்சான், புள்ளைக்குக் கட்டுனீங்களா, புறாவுக்குக் கட்டுனீங்களா? ஓட்டைதான் வேணும்னா எங்க லயத்துலயே வந்து இருந்திருக்கலாமே!”

எல்லோரும் சிரித்தார்கள். மனைவி சிரிக்கவில்லை.

அண்ணனும் தங்கையும் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், தகரத்துக்கும் சுவருக்கும் இடையே பனிக்காற்று புகும் அறையில் வளர்ந்தவர்கள். அவர்களுக்கு நல்ல வீடென்றால் இடுக்கில்லாத வீடு. ஆனி மாதம் நான் வேலையாகக் கொழும்புக்குப் போய்த் திரும்பியபோது துளைகள் எல்லாம் அடைபட்டிருந்தன. மச்சான் லீவு போட்டு வந்து, தன் கையாலேயே சீமெந்து பூசி, வெள்ளையும் அடித்திருந்தார்.

“இனிப் பனி எறங்காது மச்சான். புள்ள நல்லாத் தூங்கும்.”

அந்த முகத்தைப் பார்த்து எனக்குக் கோபப்பட வரவில்லை. தேநீர் குடித்தோம்.

ஐப்பசி மழையில் பின்சுவரில் பூஞ்சணம் கறுப்பாகப் படர்ந்தது. துடைத்தால் போகும், மறுகிழமை வந்துவிடும். மகளின் இழுப்பும் கூடியது. பேராதனையில் நாங்கள் காட்டிய டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர்.

“சுவரில பூஞ்சணம் இருக்கோ? அப்ப காத்து வாற மாதிரி விடுங்கோ. மருந்து மட்டும் காணாது.”

மகளை அயல் வீட்டில் விட்டுவிட்டு அவளுடைய அறைத் துளைகளை உளியால் திறந்தேன். தூசி போகும்வரை துடைத்தேன். கார்த்திகையில் காலைப் பனி அந்த வழியாக இறங்கியது. இழுப்பு குறையவில்லை, இரவில் இருந்தது காலையிலும் வந்தது.

“எங்க தம்பி இந்தக் குளிர்லதாங்க போனான்,” என்றாள் மனைவி. “நெஞ்சுல சளி கட்டி, என் மடியிலதான். நீங்க வாசிக்கிறதுல அவன் இருக்கானா?”

பழைய சேலையைக் கிழித்து அடைத்தாள். நான் எடுத்தேன். மறுபடி அடைத்தாள். அடைத்தபோதும் மகளுக்கு இழுத்தது, திறந்தபோதும் இழுத்தது. காரணம் பனியா, பூஞ்சணமா, நான் கிளப்பிய தூசியா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மார்கழியில் ஒரு காலை, மகள் கதிரையில் முன்னால் சாய்ந்து, கைகளை முழங்காலில் ஊன்றி மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தாள். மருந்து உறிஞ்சி முடித்திருந்தாள். மனைவி துணியோடு ஏணியடியில் நின்றாள்.

“நீங்களே சொல்லுங்க. அடைக்கவா, வேணாமா? நீங்க சொல்றதையே செய்யிறேன்.”

அவள் இப்படி ஒரு தரம் கேட்கமாட்டாளா என்றுதான் இத்தனை நாளும் அவளோடு வாதாடியிருக்கிறேன். சுவரைப் பார்த்தேன். துளைக்கு வெளியே பனியைப் பார்த்தேன்.

“தெரியலியே,” என்றேன்.

அவள் துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னருகில் வந்து நின்றாள். மகள் அடுத்த மூச்சை இழுக்கும்வரை அவள் முதுகையே பார்த்திருந்தோம்.