நாரி பிடிக்கும் பம்

தில்லைநாதன் பம்மை வாயில் வைப்பதற்கு முன் காற்றுப் பார்ப்பார். குனிந்து ஒரு சிட்டிகை மண் எடுத்து விழவிட்டு, அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று கவனிப்பார். இடுப்புப் பக்கம் நாரி நோகிறது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிபவர், இதற்கு மட்டும் தாராளமாகக் குனிவார். பிறகு காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, பம்மைக் குலுக்கி, ஒரு தரம் வெளியில் அடித்து, துவாரம் அடைபடவில்லை என்று உறுதி செய்த பின்னர்தான் தனக்கு அடிப்பார். அடித்து முடிந்ததும் இடக்கை தானாக இடுப்புக்குப் போய்விடும்.

"பாத்தியளே அண்ணை, இழுத்த உடன நாரியைப் பிடிக்குது."

வாய்வழி போன மருந்து சுவாசப்பையில் தங்காமல், இடையில் எங்கும் நிற்காத கொழும்பு பஸ்ஸைப் போல, நேரே நாரியில் போய்த்தான் இறங்குகிறதாம். வைத்திய உலகம் இன்னும் கண்டுபிடிக்காத பாதை இது. தில்லைநாதன் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்.

வட்டக்கச்சியில் எனக்கு அடுத்த வளவுக்காரர் அவர். அறுபதைத் தாண்டிய மெலிந்த மனிதர். தோள்கள் மட்டும் காதுக்குக் கிட்ட நிற்கும். மூச்சிழுக்கும் தொய்வு வருத்தக்காரருக்கு அப்படித்தான் நிற்கும் என்பார்கள். மூன்று ஏக்கர் நெல் செய்கிறார். தன் வயலோடு நிறுத்தாமல், நெல்லில் தத்திப் பூச்சி விழுந்துவிட்டது என்று யார் வந்து நின்றாலும் அவர்களுடைய வயலுக்கும் போய் மருந்தடித்துக் கொடுப்பார். அவர் அடித்தால் பூச்சி திரும்பிப் பாராது என்று ஒரு பேர் உண்டு. அந்தப் பேரை முதலில் பரப்பியவரும் அவர்தான்.

முதுகில் கொழுவிக்கொண்டு வயலுக்கு மருந்தடிக்கும் தாங்கியை எங்கள் பக்கத்தில் பம் என்போம். தொய்வுக்கு வாயில் வைத்து இழுப்பதும் பம்தான். இரண்டிலும் இருப்பது மருந்து. இரண்டாலும் செய்வது அடிப்பது. தில்லைநாதனுக்கு இதில் ஒரு குழப்பமும் இருந்ததில்லை. குழப்பம் கேட்பவர்களுக்குத்தான்.

வாயில் வைக்கும் பம்மிலும் அவரிடம் இரண்டு உண்டு. மூச்சு முட்டு வந்தால் உடனே இழுப்பது நீலம். முட்டு வராமலிருக்க நாளாந்தம் இழுக்கவேண்டியது கபிலம். நீலத்தை அவர் மெச்சுவார். அடித்த கையோடு மூச்சு வருகிறது, கூலி வாங்கியதற்கு வேலை தெரிகிறது. கபிலம் என்ன செய்கிறது என்று கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரியாமல் வேலை செய்பவர்களை அவர் நம்புவதில்லை. அதைவிட, நெல்லைத் தின்னும் தத்தியின் நிறமும் கபிலம்தான்.

"கபிலம் எண்டாலே கரைச்சல். அது பயிரைத் தின்னும், இது நாரியைத் தின்னும்."

இந்த ஞானத்தை அவருக்கு அருளியவர் லண்டனிலுள்ள மச்சான். அவரும் தொய்வுக்காரர். பம் பாவிக்கத் தொடங்கிய பின் தனக்கு முதுகு நோகிறதென்றும், அது மருந்தின் பக்கவிளைவாக இருக்கலாமென்றும் தொலைபேசியில் ஒருநாள் சொல்லியிருக்கிறார். 'இருக்கலாம்' என்ற சொல் கடல் கடந்து வரும் வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது. தில்லைநாதனிடம் வந்து சேர்ந்தது மிச்சம் மட்டும்தான்.

நோவைச் சமாளிக்க அவர் செய்யாததில்லை. மெத்தையை விட்டுப் பாயில் படுத்தார். மனைவி ஜெகதீஸ்வரியின் பழைய சேலையைக் கிழித்து இடுப்பில் இறுக்கிக் கட்டினார். உப்பு வறுத்து ஒத்தடம் பிடித்தார். கனகராயன்குளத்தில் ஒரு நாட்டு வைத்தியப் பரியாரியாரிடம் போய் எண்ணெய் வாங்கி வந்தார். அந்த எண்ணெயின் மணம் எங்கள் வீட்டுக் குசினி வரை வரும். பூசியவுடன் அந்த மணத்துக்கு அவருக்கு முட்டு வரும். முட்டுக்கு நீலத்தை அடிப்பார். அடித்ததால் நாரி பிடிக்கிறது என்று திரும்ப எண்ணெய் பூசுவார். தன்பாட்டில் சுற்றும் இப்படியொரு இயந்திரத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இத்தனைக்கும் நடுவில், நிறைந்த தாங்கியை முதுகில் ஏற்றி, ஒரு கையால் பிடியை இடித்து இடித்து, முழங்கால் சேற்றில் வரம்புக்கு வரம்பு போவதை அவர் விடவில்லை. வாய்க்கு மறைப்புக் கட்டுவதில்லையா என்று நான் ஒருமுறை கேட்டேன். கட்டினால் மூச்சு முட்டுகிறது என்றார்.

கபிலத்தை அவர் நிறுத்திவிட்டது வீட்டில் யாருக்கும் தெரியாது. இந்தச் சிறுபோகத்தில் ஒரு விடியற்காலை, வாய்க்கால் கரையில் இரு கையையும் ஊன்றிக் குந்தியிருந்தவரை ஜெகதீஸ்வரி கண்டார். நீலப் பம் கையில் இருந்தது, அது முடிந்துபோயிருந்தது. பேச்சு வரவில்லை. உதடு கறுத்திருந்தது. ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், முகமூடி வைத்து மருந்துப் புகை பிடித்த பிறகுதான் ஆள் ஆளானார். இன்னொரு முறை இப்படி வந்தால் நேரத்துக்குக் கொண்டுவர முடியாமல் போகலாம் என்று அங்கே சொல்லி, கிளினிக்குக்குத் துண்டுச் சீட்டுக் கொடுத்தார்கள்.

ஜெகதீஸ்வரி வேலிக்கு அருகில் வந்து நின்றார். "நீங்களும் பிறசருக்குக் கிளினிக் போறனீங்கள்தானே அண்ணை. இவரோட ஒருக்கா உள்ளுக்குப் போங்கோ. இந்த மனுசன் அங்க உண்மை கதையாது. எனக்கு அண்டைக்கு இவர்ர மூச்சு கேக்கேல்லை."

போனோம். டொக்டர் சிவதர்சினி இளம்பிள்ளை. பட்டணத்தில் வளர்ந்தவர் என்பது கேள்வியிலேயே தெரிந்தது.

"ஐயா, பம் ஒழுங்கா அடிக்கிறனீங்களோ?"

"ஓம் பிள்ளை. அதில ஒரு குறையும் இல்லை."

"ஒரு நாளைக்கு எத்தினை?"

"சாதாரணமா நாலு. இப்ப எட்டு, ஒன்பதும் போகுது."

டொக்டரின் பேனா நின்றது. "ஏன் ஐயா அவ்வளவு?"

"பூச்சி கூட."

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் என் முதுகைத் தொட்டு, இரண்டு தோளிலும் வார் போடுவதுபோல் காட்டினேன். அவருக்கு விளங்கிவிட்டது, ஆனால் சிரிக்கவில்லை. அந்த ஒன்றுக்காகவே அவரை நல்ல டொக்டர் என்பேன்.

அதன்பிறகு கேள்விகள் வேறு வழியில் போயின. தாங்கி எவ்வளவு பாரம், எந்தத் தோளில் கூட இழுக்கிறது, அடித்த இரவில் முட்டு வருகிறதா என்றெல்லாம் கேட்டார். கபிலத்தை விட்டு எவ்வளவு காலம் என்று கேட்டபோதுதான் தில்லைநாதன் கூரையைப் பார்த்தார். டொக்டர் அவரை எழுப்பி நிறுத்தி, முதுகு முள்ளந்தண்டை விரலால் ஒவ்வொரு இடமாக அழுத்திப் பார்த்து, எக்ஸ்ரே படம் எடுக்கவும் எழுதினார்.

"பம்மால நாரி நோகிறதெண்டு சொல்லுற ஆக்களும் இருக்கினம் ஐயா. உங்களுக்கு அது இல்லையெண்டு நான் சொல்லமாட்டன். படத்தைப் பாத்திட்டுக் கதைப்பம். மருந்து மாத்த வேணுமெண்டா நான் மாத்துவன். நீங்களா நிப்பாட்டக் கூடாது. நிப்பாட்ட வேண்டியது முதுகில இருக்கிற பம்மை. அதுதான் நாரியையும் முறிக்குது, நெஞ்சையும் அடைக்குது."

கபிலம் அடித்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும் என்றும் சொன்னார். பம் அடித்துவிட்டு வாய் கொப்பளிக்காமல் தான் ஒருநாளும் வீட்டுக்குள் போனதில்லை என்று தில்லைநாதன் பெருமையாகச் சொன்னார். எந்தப் பம் என்று டொக்டர் கேட்கவில்லை.

வரும் வழியெல்லாம் அவருக்கு ஒரே மனத்தாங்கல். மருந்து செய்த குற்றத்தை மூன்று தலைமுறையாய் நெல் காத்த தாங்கியின் தலையில் போட்டுவிட்டார்களாம். தாங்கி வாங்கியது போன வருடம் என்பதை நான் நினைவூட்டவில்லை.

இருந்தாலும் மூன்றாம் நாள் வரம்பில் அவருடைய தாங்கியோடு நின்றது பக்கத்து வயல்காரன் நிருஷன். தில்லைநாதன் காற்று வரும் பக்கமாகத் தள்ளி நின்று, நடையைப் பற்றியும் கையைப் பற்றியும் குறை சொன்னார். காற்றுக்கு முகம் கொடுக்கிறாய், அது தத்திக்கு இல்லை, உனக்குத்தான் அடிபடப்போகிறது என்றார். நிருஷன் திரும்பாமலே பதில் சொன்னான்.

"அப்ப நீங்களே கொழுவுங்கோ ஐயா. கபிலத்தை நான் இழுக்கிறன்."

தாங்கி வெறுமையாகி, திரும்ப நிறைத்தபோது அவனால் தனியே முதுகுக்கு ஏற்ற முடியவில்லை. தில்லைநாதன் யாரும் கேட்காமலே போனார். நிறைந்த தாங்கியை இரு கையாலும் தூக்கி, அவன் தோளில் கொழுவி, வாரை இழுத்துச் சரிசெய்து, முதுகில் ஒரு தட்டுத் தட்டி அனுப்பினார். நிமிர்ந்தபோது முகம் சுருங்கியது. இடக்கை நாரிக்குப் போனது. சட்டைப் பையிலிருந்து கபிலப் பம்மை எடுத்து, தாங்கியைத் தூக்கியதே அதுதான் என்பதுபோல ஒரு முறை முறைத்துப் பார்த்தார்.

பிறகு குனிந்து ஒரு சிட்டிகை மண் எடுத்தார். விழவிட்டார். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, கபிலத்தை வாயில் வைத்தார்.