புலிப்பால் காளானும் கவாத்துக் கத்தியும்

போன வாரம் ஈப்போவில் ஒரு டாக்டரம்மாவின் மேஜை மேல், செய்தித்தாளில் சுற்றிய ஒரு காளானை எடுத்து வைத்தேன்.

சும்மா காளான் இல்லை. புலிப்பால் காளான். புலி தன் குட்டிக்குக் கொடுக்கிற பால் மண்ணில் சிந்துகிற இடத்தில்தான் அது முளைக்கும் என்பார்கள். மேலே குடை, கீழே கிழங்கு... அந்தக் கிழங்கில்தான் மருந்து. பிரிஞ்சாங் சந்தையில் ஏதோ ஒரு வேரைக் காட்டிப் புலிப்பால் என்று விற்கிறவர்கள் உண்டு. என்னிடம் அது நடக்காது. மூன்றாம் வகுப்போடு நின்றவன்தான் — ஆனால் ஒற்றை லாரியில் முட்டைக்கோஸ் ஏற்ற ஆரம்பித்து, இன்றைக்கு நாலு லாரி ஓடுகிறது. மலாயும் சீனமும் பேரம் பேசியே கற்றுக்கொண்டேன். அசல் எது, போலி எது என்று முகர்ந்தே சொல்வேன்.

இது அசல். ரிங்லெட் பக்கத்துக் காட்டில் வாழும் பூர்வகுடி, ஓராங் அஸ்லி நண்பர் ஒருவர் தோண்டிக் கொடுத்தது. எனக்காக இல்லை — என் தங்கை லெட்சுமியின் புருஷன் கோவிந்தனுக்காக.

மாப்பிள்ளைக்கு இடது காதுக்குக் கீழே ஒரு கட்டி. முதலில் பட்டாணி மாதிரி இருந்தது. பிறகு பாக்கு. இப்போது... கையால் மறைத்துக்கொண்டுதான் பேசுகிறார்.

ஈப்போ ஆஸ்பத்திரியில் ஊசி குத்திச் சோதித்து, கெட்ட கட்டி, வெட்டி எடுக்க வேண்டும் என்றார்கள். அன்றைக்குத் திரும்பி வந்தவர்தான், அந்தப் பக்கமே போகவில்லை. ஏன்? கத்தி பட்டால் கட்டி உடம்பெல்லாம் பரவிவிடுமாம். லயத்து வீடுகளில் யாரோ சொல்லிவிட்டார்கள்.

வேடிக்கையைப் பாருங்கள். தேயிலைத் தோட்டத்தில் பாதி ஆயுசு கவாத்துக் கத்தி பிடித்தவர். முற்றிப்போன செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டித் தள்ளுகிற மனுஷன் — கத்திக்குப் பயப்படுகிறார்!

வெட்டாமல் கரைக்க வழி சொல்ல ஆளுக்கா பஞ்சம்? நோயாளி வீட்டுக்குள் நுழைகிற ஒவ்வொருவரும் டாக்டர்தானே. என்னிடம் காய்கறி வாங்குகிற சீன முதலாளி, எங்கள் தவுக்கே, லிங்சீ காளானைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்னார். கங்காணி பச்சைத் தேயிலைக் கொழுந்தை மெல்லச் சொன்னார். பக்கத்து வீட்டம்மா மஞ்சளை. நான் புலிப்பாலை. என்னுடையதுதான் உசத்தி என்று சண்டை வேறு போட்டேன். மாப்பிள்ளை யார் மனசும் நோகாமல் எல்லாவற்றையும் சாப்பிட்டார். கட்டி அது பாட்டுக்கு வளர்ந்தது.

தங்கை ஒரு நாள் என் காய்கறிக் கடைக்கே வந்துவிட்டாள். லேசில் அழுகிறவள் இல்லை.

"அண்ணே, நீங்க குடுக்கிற வரைக்கும் அவரு இதைத்தான் புடிச்சிக்கிட்டு இருப்பாரு. காளானையும் எடுத்துக்குங்க, அவரையும் கூட்டிட்டுப் போங்க. டாக்டரே சொல்லட்டும் லா."

அப்படித்தான் அந்தக் காளான் மேஜைக்கு வந்தது. திட்டு விழும் என்று எதிர்பார்த்தேன். டாக்டரம்மா மலாய்க்காரர், சின்ன வயசு. எடுத்து முகர்ந்தார். தங்கள் கிராமத்துக் கம்போங்கிலும் இருமலுக்கு இதை உரைத்துக் கொடுப்பார்கள் என்றார். பிறகு மலாயில் பொறுமையாக விளக்கினார். மாப்பிள்ளைக்கு நான்தான் தமிழில் சொன்னேன்.

"மாப்ள, உடம்புக்குள்ள ஜாகா ஒருத்தன் காவல் இருக்கானாம். கெட்டது நுழைஞ்சா புடிக்கிறது அவன் வேலை. சில செடியில, சில காளான்ல இருக்கிற சத்து, தூங்குற ஜாகாவைத் தட்டி எழுப்புமாம். ஜப்பான்ல காளான்லேருந்தே மருந்து எடுத்து, ஆபரேஷன் பண்ணினவங்களுக்குக் குடுக்குறாங்களாம்."

எல்லாவற்றுக்கும் ஜப்பானைப் பார் என்று அரசாங்கமே சொல்கிற காலம் இது... காளானுக்குமா?

மாப்பிள்ளை சட்டென்று நிமிர்ந்தார். "அப்ப வெட்ட வேணாம்தானே?"

வேண்டும். டாக்டரம்மா அதையும் சொல்லியிருந்தார். ஜாகா எழுந்தால் எவ்வளவு தூரம் சண்டை போடுவான் என்று இன்னும் ஆராய்ச்சிதான் நடக்கிறது; இவ்வளவு பெரிய கட்டியை அவன் தனியாளாகச் சமாளிக்க மாட்டான்; கத்தியால் பரவாது, விட்டு வைத்தால்தான் பரவும். ஆபரேஷன் வரை வீட்டு மருந்து எதுவும் கூடாது. பிறகும், எதைச் சாப்பிடுவதானாலும் தன்னிடம் காட்டிவிட்டுத்தான். ஒன்று விடாமல் சொன்னேன்.

மாப்பிள்ளை தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். காய்த்துப்போன கைகள்.

"மொதல்ல கவாத்து, பொறவு உரம். அதானே சொல்றாங்க?"

"அதேதான் மாப்ள."

"வெட்டின செடி துளிர்க்கும். நான் துளிர்ப்பேனான்னு கேளுங்க மச்சான்."

கேட்டேன். டாக்டரம்மா அந்தக் கட்டியை இன்னொரு தடவை விரலால் தொட்டுப் பார்த்தார். கட்டி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று திறந்து பார்த்தால்தான் தெரியும், வாக்குக் கொடுக்க முடியாது, முடிந்ததைச் செய்கிறோம் என்றார். தணிந்த குரலில்தான் சொன்னார்.

மாப்பிள்ளை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்டிப்பா துளிர்ப்பீங்களாம்" என்றேன்.

"அப்ப வெட்டச் சொல்லுங்க" என்றார்.

வருகிற செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். மாப்பிள்ளை தைரியமாகத்தான் இருக்கிறார். எனக்குத்தான் நிதானம் இல்லை. லாரியில் ஏற்றுகிற கூடையை எண்ணினால் பாதியில் மறந்துபோகிறது. தங்கையிடமாவது உண்மையைச் சொல்லலாமா? சொன்னால் அவள் முகத்தைப் பார்த்தே அவர் கண்டுபிடித்துவிடுவார்... அதனால் இந்தப் பத்திரிகை வழியாக உங்களிடம் சொல்கிறேன். அவர்கள் இருவரும் பத்திரிகை படிப்பதில்லை.

வியாபாரத்தில் எத்தனையோ பொய் சொல்லிப் பிழைத்தவன் நான் — இது ஒன்றாவது பலிக்கட்டும்.